பூட்டைத் திறப்பது யார்? பாத்திர ஆட்டங்களில் மந்திரத்தையும் வகுப்புத் திறனையும் சமன்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வளவைச் சுற்றி வரிசையாகப் பூட்டிய அறைகள். ரங்கூனுக்குப் போன முதலாளி திரும்பவில்லை; சாவிக்கொத்தும் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஓர் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரிந்து இல்லை. திருடன் பாத்திரத்தை எடுத்தவர் இந்த வீட்டை எண்ணித்தான் தன் பாத்திரத்தையே உருவாக்கியிருப்பார். முதல் கதவை அடைந்ததும் மந்திரவாதி கையை உயர்த்தி ‘நாக்’ என்னும் மந்திரத்தைச் சொல்கிறார். பூட்டு திறந்துகொள்கிறது. பகடை உருளவே இல்லை. திருடன் கருவிப் பையை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்கிறார்.

சமநிலை என்றதும் பலரும் எந்த மந்திரம் எவ்வளவு அடிக்கிறது என்ற கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கும் தேவைதான். கீழே போட்டும் காட்டுகிறேன். ஆனால் ஆட்டத்தில் ஒருவருக்கு மனம் விட்டுப்போவது பெரும்பாலும் அடியின் அளவால் அல்ல. தான் செய்ய வந்த வேலையை இன்னொருவர் விலை எதுவும் கொடுக்காமல் செய்துவிடுவதால்தான். ஆகவே எந்த மந்திரத்தை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: இது யாருடைய வேலையை எடுத்துக்கொள்கிறது? அதற்கு என்ன விலை கொடுக்கிறது?

இங்கே வரும் எண்கள் 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைச் சார்ந்தவை. அதன் 5.1 விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு, தமிழில் பெயர்த்து, திருத்தி, உங்கள் குழுவுக்குப் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை. வீரன், திருடன் போன்ற பாத்திர வகையை ‘வகுப்பு’ என்றும் பாத்திரத்தின் வளர்ச்சியை ‘நிலை’ என்றும் மந்திரத்தின் வலிமையை ‘தரம்’ என்றும் எழுதுகிறேன். மந்திரம் சொல்லச் செலவாகும் இடத்தை ஆடுகிறவர்கள் சொல்வதுபோல் ஸ்லாட் என்றே விடுகிறேன்.

முதல் வேலை: யாருக்கு எது சொந்தம் என்று எழுதுங்கள்

ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். செட்டிநாட்டில் பேரேடு எழுதிய வீடுகளுக்கு இது புதிய பழக்கம் அல்ல. பக்கத்தின் தலையில் ஒரே வாக்கியம் இருக்கட்டும்: “இந்தக் குழுவில் இதை இவர்தான் சிறப்பாகச் செய்வார்.” திருடன் என்றால் பூட்டும் பொறியும் ஒளிந்து நடப்பதும். வீரன் என்றால் ஒரு வாசலை மறித்து நின்று யாரையும் உள்ளே விடாமல் காப்பது. வனக்காவலன் என்றால் தடம் பார்ப்பதும் காட்டில் குழுவைப் பட்டினியில்லாமல் நடத்திச் செல்வதும். பாணன் என்றால் பேச்சு.

இந்த வாக்கியத்தை நடத்துநர் (கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவர்) எழுதக்கூடாது, அந்தப் பாத்திரத்தை ஆடுகிறவரே எழுத வேண்டும். திருடனை எடுத்த ஒருவருக்குப் பூட்டைப் பற்றி அக்கறையே இல்லாமல், முதுகுக்குப் பின்னாலிருந்து குத்துவதில்தான் ஆசை இருக்கலாம். அப்படியானால் ‘நாக்’ மந்திரத்தால் உங்கள் குழுவில் ஒரு சிக்கலும் வராது. விதிப்புத்தகத்துக்கு இது தெரியாது. உங்கள் நோட்டுக்குத் தெரியும்.

பிறகு மந்திரவாதி, பூசாரி, பாணன் ஆகியோரின் மந்திரப் பட்டியலை எடுத்து, பிறருடைய பக்கத்தைத் தொடும் மந்திரங்களுக்கு எதிரே மட்டும் ஒரு குறி போடுங்கள். குறி விழாதவற்றை விட்டுவிடலாம். எல்லா மந்திரத்தையும் திருத்தப் புறப்படுவது வீண் வேலை.

இரண்டாவது வேலை: ஒரு நாளில் எத்தனை சண்டை என்று எண்ணுங்கள்

நிறையப் பேர் தவறவிடும் இடம் இது. மந்திரவாதியின் வலிமை ஸ்லாட்டில் இருக்கிறது. ஸ்லாட்கள் முழுவதும் நீண்ட ஓய்வுக்கு (ஓரிரவு உறக்கத்துக்கு)ப் பிறகுதான் திரும்பும். வீரனின் வாளுக்கு ஓய்வே வேண்டாம். ஆகவே இருவரையும் ஒரு சண்டையில் வைத்து ஒப்பிட்டால் விடை எப்போதும் மந்திரவாதியின் பக்கமே சாயும்.

5-ஆம் நிலையில் இருவரை எடுத்துக்கொள்வோம். வீரனிடம் பெரிய வாள், வலிமை +4, சுற்றுக்கு இரண்டு வீச்சு. ஒரு வீச்சு பட்டால் சராசரி 11 அடி (எதிரிக்கு ஏற்படும் சேதப் புள்ளி). நூற்றுக்கு 65 வீச்சுகள் படுகின்றன என்று வைத்தால் சுற்றுக்கு 14.3 அடி. சிறு ஓய்வுக்கு (ஒரு மணி நேர இளைப்பாறலுக்கு) ஒருமுறை அவனுக்குத் தாக்க ஒரு கூடுதல் முறை கிடைக்கும். மந்திரவாதிக்கு முதல் தரத்தில் 4, இரண்டாம் தரத்தில் 3, மூன்றாம் தரத்தில் 2 ஸ்லாட்கள். அவனுடைய ‘ஃபயர்பால்’ என்னும் மூன்றாம் தரத் தீப்பந்து எட்டு ஆறுமுகப் பகடை, அதாவது சராசரி 28. எதிரிகளில் பாதிப்பேர் தடுத்துப் பாதி அடி வாங்கினால் ஓர் எதிரிக்கு 21, மூன்று எதிரிகள் சிக்கினால் 63.

நாளுக்கு ஒரே சண்டை, நான்கு சுற்று என்றால்: மந்திரவாதி இரண்டு ஃபயர்பாலும் இரண்டு ‘ஸ்கார்ச்சிங் ரே’யும் (இரண்டாம் தரத் தீக்கதிர்) போட்டுச் சுமார் 153 அடிக்கிறான். வீரன், கூடுதல் முறையையும் சேர்த்து, சுமார் 71. பாதிகூட இல்லை.

நாளுக்கு ஆறு சண்டை, ஒவ்வொன்றும் நான்கு சுற்று, நடுவில் இரண்டு சிறு ஓய்வு என்றால்: மந்திரவாதி ஒரு சிறு ஓய்வில் மூன்றாம் தர ஸ்லாட் ஒன்றை மீட்டுக்கொள்கிறான், ஆக மூன்று ஃபயர்பால். மீதி ஸ்லாட்களையும் செலவழித்து, எஞ்சிய 14 சுற்றுகளில் செலவில்லாத சிறு தீப்பொறியை வீசினால் நாள் முழுவதற்கும் சுமார் 372. வீரன் 24 சுற்றும் மூன்று கூடுதல் முறையும் சேர்த்துச் சுமார் 386. கணக்கு நேராகிவிட்டது! விதியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

2014 நடத்துநர் கையேடு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களைக் கணக்கில் வைத்தது இதனால்தான். ஆனால் விடுமுறையில் கூடி மூன்று மணி நேரம் ஆடும் காரைக்குடிக் குழுவுக்கு ஆறு மோதல் எங்கே முடியும்? பயணக் கதைகளில் இன்னும் மோசம். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி எடுத்து நடப்பது போன்ற பல நாள் நடைப்பயணத்தைக் கதையாக வைத்தால், நாளுக்கு ஒரு சண்டை வந்தாலே அதிகம். மந்திரவாதி ஒவ்வொரு மாலையும் பெட்டியைக் காலி செய்துவிட்டு, காலையில் நிறைந்த பெட்டியோடு எழுவான்.

அதற்கு அதே கையேட்டில் மாற்று விதி ஒன்று இருக்கிறது: சிறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். பயணக் கதைக்கு இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் இரவுத் தங்கல் சிறு ஓய்வு. பழனி போய்ச் சேர்ந்து மடத்தில் இளைப்பாறுவது நீண்ட ஓய்வு. பூட்டிய வீட்டுக்குள் நடக்கும் கதை என்றால் இந்த விதி வேண்டாம். இரண்டாங்கட்டில் படுத்து எட்டு மணி நேரம் உறங்கினால் மூன்றாங்கட்டில் இருப்பவை விழித்துக்கொள்ளும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவே போதும்.

மூன்றாவது வேலை: அடிக்கும் மந்திரங்களை அளப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நடத்துநர் கையேட்டிலேயே அளவு இருக்கிறது. புதிய மந்திரம் ஒன்றை நீங்களே உருவாக்கினால், முதல் தரத்தில் ஓர் எதிரிக்கு இரண்டு பத்துமுகப் பகடை, பலருக்கு இரண்டு ஆறுமுகப் பகடை. மூன்றாம் தரத்தில் ஓர் எதிரிக்கு ஐந்து பத்துமுகப் பகடை, பலருக்கு ஆறு ஆறுமுகப் பகடை. ஃபயர்பாலின் எட்டு இந்த அளவையே மீறுகிறது. ஆகவே அதை அளவுகோலாக வைத்து அடுத்த மந்திரத்தைச் செய்யாதீர்கள். ‘கொள்ளிவாய்’ என்று உங்கள் ஊர்ப் பேய்க்கதையிலிருந்து ஒரு மூன்றாம் தரத் தீ மந்திரம் செய்தால் ஆறு பகடையில் நிறுத்துங்கள்.

ஃபயர்பாலைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். களமே அதற்கு விலை வைக்கும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்றை ஐந்து அடி தூரமாக வைத்து ஆடிப் பாருங்கள். தனியாகக் கட்டம் போட்ட தாளே வேண்டாம். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி, அதாவது நடுவிலிருந்து நான்கு கல். வளவுக்குள் அதைப் போட்டால் தன் ஆட்களும் உள்ளே நிற்பார்கள். அந்தத் தீ மூலை திரும்பியும் பரவும்; யாரும் அணியாத, கையில் பிடிக்காத எரியும் பொருள்களைப் பற்றவைக்கும் என்று விதியே சொல்கிறது. பர்மாத் தேக்குத் தூணும் சட்டமும் கதவும் நிறைந்த வீட்டில் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினால் மந்திரவாதி இருமுறை யோசிப்பார். வீரனின் வாள் அப்போது தானாக மதிப்புப் பெறும்.

நான்காவது வேலை: அடிக்காத மந்திரங்களுக்கு விலை வைப்பது

உண்மையான சிக்கல் இங்கேதான். கதவைத் திறப்பது, சுவர் ஏறுவது, ஒளிவது, பசியாற்றுவது, ஒருவரை இணங்க வைப்பது ஆகிய வேலைகளில் திறன் உள்ளவர் பகடையை உருட்டித் தோற்கவும் வாய்ப்பு உண்டு. மந்திரம் பெரும்பாலும் தோற்பதில்லை. இந்த உறுதிதான் அதன் பெரும் பலம். ஆகவே விலை உறுதிக்கு ஈடாக இருக்க வேண்டும்.

முதலில், ஏற்கெனவே எழுதியிருக்கும் விலையை வசூலியுங்கள். பல குழுக்களில் இதுவே நடப்பதில்லை. ‘நாக்’ மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாம் தரம். 5-ஆம் நிலை மந்திரவாதியிடம் அந்தத் தரத்தில் மூன்று ஸ்லாட்கள்தான். சொன்னவுடன் தட்டும் ஓசை 300 அடி தூரம் கேட்கும். வீட்டின் முகப்பில் சொன்னால் மூன்றாங்கட்டு வரைக்கும், அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். இன்னும் முக்கியமானது: ஒரு பொருளில் பல பூட்டுகள் இருந்தால் ஒருமுறைக்கு ஒரு பூட்டுதான் திறக்கும். ஒன்றுக்கு மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியை நிலவறையில் வையுங்கள். மந்திரவாதி திறக்க மூன்று ஸ்லாட்டும் போகும். மூன்று தடவை வீடே அதிரும். திருடன் திறந்தால் ஓசையில்லை, செலவில்லை, நேரம் மட்டும் போகும். இப்போது குழுவுக்கு முன்னால் ஒரு தேர்வு இருக்கிறது. துரத்தி வருகிறார்களா, மந்திரம். நேரம் இருக்கிறதா, திருடன். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது.

மயக்கும் மந்திரத்திலும் அப்படியே. வளவின் ஓரத்தில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார். ‘சார்ம் பெர்சன்’ முதல் தர மந்திரம். அவர் தடுக்கத் தவறினால் ஒரு மணி நேரத்துக்கு உங்களை நண்பராக நினைப்பார். மந்திரம் முடிந்ததும் தன்னை மயக்கினார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இதுவும் விதியிலேயே இருக்கிறது. அந்த ஆச்சிக்குத் தெரிந்தால் அவருடைய பங்காளி வீடுகளுக்கும், நகரக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் பொழுது சாய்வதற்குள் தெரியும். பாணன் பத்து நிமிடம் உட்கார்ந்து, “ஆச்சி, இந்த நிலைக்கதவு வேலைப்பாட்டை எந்த ஊர் ஆசாரி செய்தார்?” என்று தொடங்கி, பேசிச் சாவியை வாங்கினால், அடுத்த வாரமும் அந்த வீட்டில் பலகாரம் கிடைக்கும். திறன் உறவை விட்டுச் செல்கிறது. மந்திரம் பகையை விட்டுச் செல்கிறது. நடத்துநர் இந்த வேறுபாட்டைக் கதையில் காட்டாவிட்டால், பேச்சுத் திறனில் புள்ளி போட்டவர் ஏமாற்றப்பட்டவர் ஆகிவிடுகிறார்.

எழுதிய விலை போதவில்லை என்று தோன்றினால் அடுத்த வழிக்குப் போங்கள்: மந்திரம் வேலையைச் செய்து முடிப்பதற்குப் பதிலாக, அந்த வேலைக்கு உரியவருக்குக் கைகொடுக்கும்படி மாற்றுங்கள். ‘பூட்டின் பேச்சு’ என்று முதல் தரத்தில் ஒரு மந்திரம் வைக்கலாம். மந்திரவாதி பூட்டைத் தொட்டால் உள்ளே இருக்கும் பொறி அவன் மனக்கண்ணில் தெரியும். பக்கத்தில் நிற்கும் திருடன் இருபதுமுகப் பகடையை இருமுறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான். மந்திரவாதி வீணாகவில்லை, திருடனின் கையிலிருந்து பகடையும் போகவில்லை.

மூன்றாவது வழி காலமும் கவனமும். ‘இன்விசிபிலிட்டி’ (உடலை மறைப்பது), ‘ஃப்ளை’ (பறப்பது), ‘ஸ்பைடர் கிளைம்ப்’ (சுவர் ஏறுவது) மூன்றும் கவனத்தை ஒருமுகமாக வைத்திருக்க வேண்டியவை. ஒருவரால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும். அடி விழுந்தால் உடலுறுதிக்கான பகடையில் 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, இதில் எது அதிகமோ அதை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மந்திரம் அறுந்துவிடும். மாடி முகட்டில் பறந்து நிற்கும்போது அறுந்தால் விழ வேண்டியதுதான். உடலைக் காணாமல் போகச் செய்யும் மந்திரம் காலடி ஓசையை அழிப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஒளிந்து நடக்கும் சோதனையை அப்போதும் உருட்ட வேண்டும்.

‘குட்பெரி’ மட்டும் தனி வகை. ஒரு முதல் தர ஸ்லாட்டில் பத்துக் கனிகள், ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. வறண்ட பொட்டல் வழியே நடக்கும் கதையில் வனக்காவலனின் வேலையை இது ஒரேயடியாக முடித்துவிடுகிறது. நான் பரிந்துரைக்கும் திருத்தம்: கனி பசியைத்தான் தீர்க்கும், தாகத்தைத் தீர்க்காது. நீர் இருக்கும் ஊருணியைக் கண்டுபிடிப்பது வனக்காவலனின் கண்ணுக்கும் அனுபவத்துக்கும் உரியதாக இருக்கட்டும். நீரை உண்டாக்கும் முதல் தர மந்திரமும் இருக்கிறது; உங்கள் குழுவில் அது இருந்தால், அந்தக் கதை முடியும் வரை அதை விலக்கிவைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வேலை: திறனை மந்திரமாக மாற்றும் முன் நிதானியுங்கள்

சமநிலைக்கு எளிய வழி என்று சிலர் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்ப்பார்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு அந்தப் பாதையில் வெகுதூரம் போனது: எல்லா வகுப்புக்கும் எப்போதும் பயன்படும் ஆற்றல், மோதலுக்கு ஒருமுறை ஆற்றல், நாளுக்கு ஒருமுறை ஆற்றல். எண்கள் சமமாகவே நின்றன. ஆனால் வாள் வீசுவதும் மந்திரம் சொல்வதும் கையில் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஆடுகிறவர்களில் பலர் குறைப்பட்டார்கள். எனக்கும் அந்தக் குறை நியாயமாகவே படுகிறது.

இன்னொரு சான்று அறப்போர் வீரன் (பாலடின்) வகுப்பின் ‘டிவைன் ஸ்மைட்’. 2014-இல் அது வகுப்புத் திறன். வாள் பட்ட பிறகு ஸ்லாட்டைச் செலவழித்து அடியைக் கூட்டலாம். 2024 திருத்தத்தில் அதை மந்திரமாக்கிவிட்டார்கள். மந்திரம் ஆனதும் மந்திரத்துக்குரிய கட்டுகள் எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன: வாயால் சொல்ல வேண்டும், ஆகவே ஓசையை அடக்கிய இடத்தில் செல்லாது, எதிரி மந்திரவாதி குறுக்கிட்டு முறிக்கலாம். நீங்கள் ஒரு திறனை மந்திரமாக்க நினைத்தால் இந்தக் கட்டுகளையெல்லாம் வரிசையாக எழுதி, அவை அந்த வகுப்புக்குப் பொருந்துமா என்று பாருங்கள். எதிர்த்திசையில் போவதற்கும் இதே சோதனை: மந்திரத்தைத் திறனாக்கினால் அதை யாராலும் முறிக்க முடியாமல் போகும்.

ஆறாவது வேலை: ஒன்பதாம் நிலையில் வீரனுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?

9-ஆம் நிலையில் மந்திரவாதி ஐந்தாம் தர மந்திரங்களைப் பெறுகிறான். தொலைதூர நகரத்துக்கு வட்டம் வரைந்து ஒரு கணத்தில் போய்விடலாம். அதே நிலையில் வீரனுக்குக் கிடைப்பது, தோற்ற தடுப்புப் பகடையை ஒருமுறை திரும்ப உருட்டும் உரிமை. இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஓய்வைக் கூட்டிக் குறைத்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

பழைய விதிகளில் இதற்கு விடை இருந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு வகுப்பும் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்தது. 1981-இல் வந்த தொடக்கத் தொகுப்பில் திருடன் இரண்டாம் நிலையை எட்ட 1,200 அனுபவப் புள்ளி, வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. ஒன்பதாம் நிலையில் வீரன் கோட்டை கட்டிக் குடிபடைகளைத் திரட்டலாம். மந்திரவாதி உலகின் விதியை வளைக்கிறான் என்றால், வீரன் உலகில் இடம் பிடிக்கிறான்.

இதை அப்படியே நம் மண்ணுக்குக் கொண்டுவரலாம். ஒன்பதாம் நிலை வீரனுக்குத் திருமயம் போன்ற ஒரு கோட்டையையும் அதைக் காக்கும் நாற்பது பேரையும் கொடுங்கள். திருடனுக்கு வணிகர்களின் நம்பிக்கையைக் கொடுங்கள்: அவன் எழுதும் உண்டியலை (பணமாற்றுச் சீட்டை) ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் உள்ள கடைகள் கேள்வி கேட்காமல் ஏற்று அந்தந்த ஊரிலேயே பணம் கொடுக்கும். மந்திரவாதி அந்த ஊருக்கு ஒரு நொடியில் போகலாம். போன இடத்தில் தங்க வீடும் செலவுக்குப் பணமும் கப்பலில் இடமும் திருடனின் கையெழுத்தில்தான் கிடைக்கும். இவற்றைப் பரிசாகச் சொல்லாமல், பாத்திரத் தாளில் திறனாகவே எழுதிக் கொடுங்கள். தாளில் இருந்தால்தான் ஆடுகிறவர் அதை நம்பிப் பயன்படுத்துவார்.

கடைசி வேலை: ஆடிப் பார்த்துத் திருத்துங்கள்

திருத்திய மந்திரத்தை ஒரே சூழலில் இருமுறை ஓட்டிப் பாருங்கள்: ஒருமுறை மந்திரத்தோடு, ஒருமுறை மந்திரம் இல்லாமல். மந்திரம் இல்லாதபோது அந்தத் தடையைத் தாண்டவே முடியவில்லை என்றால் குற்றம் மந்திரத்தில் இல்லை, நீங்கள் அமைத்த தடையில்தான். மந்திரத்தோடு போனபோது வேறு யாருக்கும் ஒரு பகடைகூட உருட்டக் கிடைக்கவில்லை என்றால் விலை குறைவு. இரண்டு வழியிலும் குழு தாண்டி, ஆனால் வெவ்வேறு நிலைமையில் மறுபுறம் வந்து நின்றால் மந்திரத்தை அப்படியே விடலாம்.

கதையின் நடுவில் விதியை மாற்றாதீர்கள். ஒரு சாகசம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், அந்த மந்திரத்தை வைத்திருப்பவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். குழுவின் முன்னால் சொன்னால் தண்டனை போல் ஆகிவிடும். என்ன மாறுகிறது, யாருடைய பக்கத்தைக் காக்க மாறுகிறது என்று நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். மாறிய மந்திரம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், அதே தரத்தில் வேறொன்றைச் செலவின்றி எடுத்துக்கொள்ள இடம் கொடுங்கள். பேசி முடிவானதை அன்றைய தேதியோடு நோட்டில் அவர் பக்கத்திலும், யாருடைய வேலையை அது தொட்டதோ அவர் பக்கத்திலும் எழுதிவிடுங்கள். அடுத்த கோடை விடுமுறையில் புதிதாக ஒருவர் குழுவில் சேரும்போது, விதிப்புத்தகத்துக்கு முன் அந்த நோட்டை அவரிடம் கொடுக்கலாம்.